அனுசுயாவின் பட்டன் பை

அனுசுயா கேள்வி கேட்டுப் பிழைப்பவள். வக்கீல் இல்லை, போலீஸ் இல்லை, பள்ளிக்கூட வாத்தியாரும் இல்லை. கழுத்தில் அடையாள அட்டை, தோளில் பை, கையில் டேப்லெட் என்று திருச்சி வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கி, "ஒரு பத்து நிமிஷம் பேசலாங்களா?" என்று சிரிக்கிற சர்வேக்காரி. பத்து நிமிஷம் என்பது பொய்தான்; ஆரம்பித்தால் முக்கால் மணி நேரம் ஓடிவிடும். அந்த ஒரு பொய்யைத் தவிர இந்த வேலையில் வேறு பொய் சொன்னதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். அந்தப் பெருமையும் போன கதைதான் இது.

பிளஸ் டூ முடித்தவள். உறையூரில் வாக்கப்பட்டவள். புருஷன் தர்மராஜ் காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டியில் மூட்டை தூக்குகிறார். ஒரே மகன் தமிழ்மணி. அவன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும், வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் சோப்புத் தூள் சர்வேக்குப் போனாள். எந்தத் தூளில் நுரை அதிகம் வருகிறது என்று ஊரெல்லாம் கேட்டுக்கொண்டு போவது. அப்புறம் டிவி சர்வே, கக்கூஸ் சர்வே, ரேஷன் சர்வே, தேர்தல் வந்தால் ஓட்டு யாருக்கு என்கிற சர்வே. கொடியில் காய்கிற துணியைப் பார்த்தே அந்த வீட்டில் யார் யார் என்று சொல்லிவிடுவாள். மாமியாரும் மருமகளும் ஒரே அறையில் உட்கார்ந்து சொல்கிற பதிலை நம்ப மாட்டாள். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் குடிக்கத் தண்ணீர் கேட்பாள். தண்ணீர் கொடுத்த கை கதவைச் சாத்தாது என்பது அவள் கண்டுபிடிப்பு.

பங்குனி கடைசியில் புது சர்வே ஒன்று வந்தது. பதினாறிலிருந்து இருபத்தைந்து வயது வரையுள்ள பிள்ளைகளிடம் போதைப் பழக்கத்தையும் குற்றத்தையும் பற்றிக் கேட்கிற சர்வே. சூப்பர்வைசர் ஸ்தனிஸ்லாஸ் பயிற்சி நாளில் கேள்விகளை வாசித்தபோது, சர்வேயில் பழம் தின்று கொட்டை போட்ட பெண்களே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உங்க வீட்ல ஏதாச்சும் திருடு போயிருக்கான்னு கேட்டா உக்கார வெச்சு காபி குடுப்பாங்க சார். நீ திருடுனியான்னு கேட்டா செருப்பால அடிப்பாங்க" என்றாள் அனுசுயா.

ஸ்தனிஸ்லாஸ் சிரித்தார். மேஜைக்கு அடியிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்தார். சுருக்குக் கயிறு போட்ட பை. அதற்குள் சட்டைப் பட்டன்கள். சிவப்பு நிறைய, வெள்ளை கொஞ்சம்.

வேலை இதுதான். பையன் பைக்குள் கையை விட்டு ஒரு பட்டனை எடுத்து, யாருக்கும் காட்டாமல் உள்ளங்கைக்குள்ளேயே பார்த்துக்கொள்ள வேண்டும். சிவப்பு வந்தால், "கடந்த ஒரு வருஷத்தில் போதை மாத்திரையோ ஊசியோ கஞ்சாவோ எடுத்ததுண்டா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். வெள்ளை வந்தால், "ஜனவரி, பிப்ரவரி, மார்ச், இந்த மூன்று மாதத்துக்குள் பிறந்தவரா?" என்ற கேள்விக்குப் பதில். வாயைத் திறந்து ஆமா, இல்லை என்று மட்டும் சொன்னால் போதும். பட்டனைத் திரும்பப் பைக்குள் போட்டுவிடலாம். ஒருவன் ஆமா என்றால் அவன் போதை எடுக்கிறவனா, பிப்ரவரியில் பிறந்தவனா என்று கேட்டவளுக்கே தெரியாது. வயதைத்தான் கேட்பார்கள், பிறந்த தேதியைக் கேட்கவே கூடாது.

"மொத்தமா எத்தனை பேருன்னு மெட்ராஸ்ல கணக்குப் போட்டுக்குவாங்க. அது அவங்க பாடு" என்றார் ஸ்தனிஸ்லாஸ். "நம்ம பாடு ரெண்டுதான். என்ன பதில் வந்தாலும் முகத்துல எதையும் காட்டக் கூடாது. அப்பறம், பையன் கிட்டத் தனியாதான் கேக்கணும். அம்மா, அப்பா, அத்தை, யாரும் காது கேக்குற தூரத்துல இருக்கக் கூடாது. கடைசியில இந்தச் சீட்டைக் குடுத்துட்டு வந்துருங்க."

சீட்டில் போதையிலிருந்து மீள்வதற்கான ஆலோசனை மையத்தின் போன் நம்பர் இருந்தது. யாருக்காவது தேவைப்பட்டால் என்று சொல்லி, எல்லா வீட்டிலும் கொடுக்க வேண்டும்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் ஒத்திகை நடந்தது. தர்மராஜுக்கு இந்தப் பட்டன் விளையாட்டைக் கேட்டு ஒரே சிரிப்பு.

"ஏண்டி, பட்டனைக் குடுத்தா நெசத்தைச் சொல்லிருவானுங்களா? ரெண்டு அறை விட்டா தன்னால வெளிய வரும்."

"அறைஞ்சா பொய்தாங்க வரும்."

"நம்ம வீட்ல ஒருத்தன் அப்படின்னு தெரியட்டும், காலை ஒடிச்சு மூலையில போட்டுர்றேனா இல்லையா பாரு" என்றார் தர்மராஜ். சும்மா ஒரு பேச்சுக்குத்தான் சொன்னார். மூட்டை தூக்கித் தூக்கித் தோளில் காய்ப்புக் காய்த்த மனுஷன். பேச்சும் அப்படியே காய்த்துப்போயிருந்தது.

செல்போன் கடை வேலையிலிருந்து வந்து சோறு தின்றுகொண்டிருந்த தமிழ்மணி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான். குழாயடியில் கை கழுவினான். முழுக்கைச் சட்டை போட்டிருந்தவன், சட்டைக் கையை மடித்துக்கொள்ளாமலே கழுவினான். மணிக்கட்டு வரை சட்டை நனைந்து சொட்டியது. சித்திரை பிறக்கப்போகிறது, காற்றில்லாமல் ஊரே வெந்துகொண்டிருக்கிறது, இவனுக்கு எதற்கு முழுக்கைச் சட்டை? அதுவும் நனைந்தாலும் மடிக்க முடியாத சட்டை? கொடியில் காய்கிற துணியைப் பார்த்து ஊரார் குடும்பத்தையே படித்துவிடுகிறவள், தன் வீட்டுக் கொடியில் ஒரு மாதமாக முழுக்கைச் சட்டையாகவே தொங்குவதை அப்போதுதான் பார்த்தாள். விளக்கின் அடியில் இருட்டு என்பது சும்மாவா?

"ஏன்டா தம்பி, இந்த வெக்கையில முழுக்கை?" என்று கேட்டாள்.

"சும்மா" என்றான்.

அந்தச் சும்மாவுக்கு மேல் அவளால் போக முடியவில்லை. ஊரில் எவனிடமும் எதையும் கேட்கிற வாய், சொந்தப் பிள்ளையிடம் ஒட்டிக்கொண்டது. கேட்டால் இல்லை என்பான். ஒருமுறை இல்லை என்று சொல்லிவிட்டால் அப்புறம் அந்தப் பொய்யைக் காப்பாற்றவே ஓடுவான். தொழிலில் அவள் பார்க்காததா? ஆமா என்று சொல்லிவிட்டால் இன்னும் மோசம். புருஷன் காதுக்குப் போனால் நிஜமாகவே காலை ஒடித்துவிடுவார். அதனால் கேட்காமல் இருந்தாள். பீரோவில் வைத்திருந்த வெள்ளிக் கொலுசு காணாமல் போனபோதுகூட, எங்கேயோ கைமறதியாக வைத்துவிட்டேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதே வாரம், "உங்கள் வீட்டில் இருப்பவர்களே எதையாவது எடுத்ததுண்டா?" என்று எத்தனை வீட்டில் கேட்டாளோ, அத்தனை தடவை கொலுசு நெஞ்சுக்குள் கிடந்து குத்தியது.

சித்திரையில் அவளுக்கு ஸ்ரீரங்கம் பகுதியை ஒதுக்கினார்கள். உத்திர வீதியில் ஒரு வீடு. கதவைத் திறந்த அம்மாளின் பெயர் வைதேஹி. நெற்றியில் செங்கோடாக ஸ்ரீசூர்ணம், முந்தானையில் ஈரக்கை.

"வாங்கோ, வாங்கோ. இந்த வெயில்லயா அலையறேள்? மொதல்ல மோர் சாப்பிடுங்கோ."

தண்ணீர் கேட்க வந்தவளுக்கு மோரே கிடைத்தது. பெருங்காயமும் கறிவேப்பிலையும் போட்டு, பானையில் வைத்த குளிர்ச்சியோடு. அனுசுயா இரண்டு டம்ளர் குடித்தாள். அந்த அம்மாளின் மகன் ஜனார்தன், இன்ஜினீயரிங் இரண்டாம் வருஷம், லீவுக்கு வந்திருந்தான். கூடத்தில் வந்து உட்கார்ந்தான்.

"தம்பி கிட்டத் தனியாப் பேசணும்மா" என்றாள் அனுசுயா.

"பேஷாப் பேசுங்கோ. நான் தளிகை பண்ணிண்டிருக்கேன், அந்தண்டை வரமாட்டேன். எங்காத்துல மறைக்க என்ன இருக்கு? பெருமாள் கிருபை, குழந்தைக்குக் காபி கூடப் பழக்கமில்லை."

சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் கதவு இல்லை, ஒரு திரைதான் தொங்கியது. மாடிக்குப் போகலாம் தம்பி என்று அனுசுயா சொல்லியிருக்க வேண்டும். எத்தனையோ வீட்டில் கறாராகச் சொன்னவள்தான். ஆனால் இவ்வளவு மரியாதையாக மோர் கொடுத்தவளிடம், உங்களை நம்பவில்லை, தள்ளிப் போங்கள் என்று எப்படிச் சொல்வது? குடித்த மோர் தொண்டையிலேயே நின்று அவள் வாயைக் கட்டிப்போட்டது. போகட்டும், குக்கர் சத்தத்தில் காதில் விழவா போகிறது என்று ஆரம்பித்துவிட்டாள்.

பட்டன் பையை எடுத்து வைத்து, சிவப்புக்கு இது, வெள்ளைக்கு இது என்று விளக்கினாள். ஜனார்தன் கையை விட்டான். உள்ளங்கைக்குள் பார்த்தான். ஒரு கணம் தலை நிமிரவில்லை.

"ஆமா" என்றான் மெதுவாக. பட்டனைப் பைக்குள் போட்டான்.

மற்ற கேள்விகளையும் முடித்து, சீட்டைக் கொடுத்துவிட்டுத் தெருவில் இறங்கினாள் அனுசுயா. நாலு வீடு தாண்டுவதற்குள் பின்னாலிருந்து கூப்பிடுகிற குரல் கேட்டது. வைதேஹி. செருப்புக்கூடப் போடாமல் சுடுகிற தரையில் ஓடி வந்திருந்தாள்.

"ஒரு நிமிஷம் இருங்கோ. நான் ஒண்ணும் ஒட்டுக் கேக்கலை, தானா காதுல விழுந்தது. வெள்ளை வந்தா, ஜனவரி, பிப்ரவரி, மார்ச்ல பொறந்தியான்னுதானே அர்த்தம்?"

"ஆமாங்கம்மா."

"அவன் ஆவணி திருவோணம்" என்றாள் வைதேஹி. "வெள்ளை வந்திருந்தா இல்லைன்னுன்னா சொல்லியிருக்கணும்? அவன் ஏன் ஆமான்னான்?"

அனுசுயாவுக்கு அப்போதுதான் உறைத்தது. இந்தப் பையின் ரகசியம் மொத்தமும் பிறந்த மாதம் தெரியாது என்பதில்தான் நிற்கிறது. ஊருக்குத் தெரியாது, சர்வேக்காரிக்குத் தெரியாது. பெற்றவளுக்குத் தெரியாமல் இருக்குமா? மெட்ராஸ்காரர்கள் இதெல்லாம் யோசித்துத்தான் தனியாகக் கேள் என்று தலையில் அடித்துச் சொன்னார்கள். இவள்தான் மோருக்கு மரியாதை செய்து ஒரு பிள்ளையைக் காட்டிக்கொடுத்துவிட்டாள்.

"பசங்க கலரைச் சரியாவே பாக்க மாட்டாங்கம்மா. விளையாட்டா எதையாச்சும் சொல்லிருவாங்க. நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க" என்றாள். வேலையில் அவள் சொன்ன இரண்டாவது பொய் அது. வைதேஹி தலையாட்டினாள். நம்பவில்லை என்பது அவள் கால் தரையில் சுடுவதைக்கூட உணராமல் நின்றதில் தெரிந்தது.

சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற டவுன் பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியபோதுதான் அனுசுயாவுக்கு அந்த நினைப்பு வந்தது. தமிழ்மணி ஐப்பசியில் பிறந்தவன். அக்டோபர் மாதக் கடைசி. அவனிடம் இந்தப் பையை நீட்டினால், அவன் வாயிலிருந்து ஆமா என்று வந்தால், அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். அவனிடம் நேராக எதையும் கேட்க வேண்டாம். அவனுக்குத் தெரியாமலே தெரிந்துகொள்ளலாம். சொந்தப் பிள்ளைக்குப் பொறி வைக்கிற புத்தி தனக்கு எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் பாலம் முடிகிற வரை மடியிலிருந்த பையை விரலால் தடவிக்கொண்டேதான் வந்தாள்.

சில நாள் கழித்து வைதேஹி போன் செய்தாள். சீட்டைக் கொடுக்கும்போது அனுசுயா தன் நம்பரையும் எழுதிக் கொடுப்பது வழக்கம். முதலில் அழுகைதான் வந்தது. மனசு கேட்காமல் புருஷன் சடகோபனிடம் சொல்லியிருக்கிறாள். அவர் மகனை நிற்க வைத்துக் கேட்டிருக்கிறார். கேட்டதென்ன, குலம், கோத்திரம், கோவில் மரியாதை என்று ஆரம்பித்து, என் மூஞ்சியில் முழிக்காதே என்பதில் முடித்திருக்கிறார். பையன் ஒரு வார்த்தை பேசாமல் பையை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டான். போனை அணைத்து வைத்திருக்கிறான். எங்கே இருக்கிறான் என்றே தெரியவில்லை.

"உங்களுக்குக் கோடி புண்ணியமாப் போகும். அவன் கைக்கு வந்தது சிவப்பா வெள்ளையா, அதை மட்டும் சொல்லுங்கோ. வெள்ளைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கோளேன். ஏதோ பைத்தியக்காரத்தனமா ஆமான்னுட்டான்னு அவர் கால்ல விழுந்தாவது சொல்லிப் பாக்கறேன்."

"நான் பாக்கலைம்மா. சத்தியமா எனக்குத் தெரியாது" என்றாள் அனுசுயா. தெரியாமல் இருப்பதுதான் இந்த வேலையின் தர்மம். அந்தத் தர்மம் எதற்கும் உதவாமல் போனில் இரண்டு பெண்கள் அழுதார்கள்.

அன்றே பையைச் சுருக்கி அலமாரியின் மேல்தட்டில் போட்டாள். தன் பிள்ளையிடம் இதை நீட்டவே கூடாது என்று முடிவு செய்தாள். தெரிந்துகொண்டு என்ன செய்வது? தெரிந்துகொண்டதால்தானே ஸ்ரீரங்கத்தில் ஒரு பிள்ளை தெருவில் நிற்கிறது? ஆமா என்று பதில் வந்த பிறகு அடுத்து என்ன கேட்பது என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தரவில்லை. அடுத்த கேள்விக்குப் போ என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

வைகாசி பிறந்ததும் பக்கத்துத் தெருவில் ஒரு சாவு. செத்தது, மலர்க்கொடி என்று பூக்கட்டி விற்கிறவளின் மகன். தமிழ்மணியோடு ஒன்றாகப் படித்தவன். மாரடைப்பு என்றார்கள். இருபது வயதில் என்ன மாரடைப்பு என்று யாரும் கேட்கவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் மாரடைப்பு, மாரடைப்பு என்று ஒரே குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஊரே சேர்ந்து கை கொடுத்தது. பையன் கையை முழுக்கைச் சட்டைக்குள் வைத்துத்தான் படுக்க வைத்திருந்தார்கள்.

மலர்க்கொடி மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். "தெரியும்டி அனுசுயா, எனக்குத் தெரியும்டி. கேட்டா கோவிச்சுக்குவானோ, கேட்டா போயிருவானோன்னு ஒரு வார்த்தை கேக்காம விட்டுட்டேனே. என் ராசாவைக் கேக்காமயே விட்டுட்டேனே."

அனுசுயா எழுந்து நின்றாள். கூட்டத்தில் தமிழ்மணியைத் தேடினாள். தெருமுனையில், பந்தல் நிழலுக்குக்கூட வராமல், வெயிலில் தனியாக நின்றுகொண்டிருந்தான். உதடு வெளுத்துப்போயிருந்தது. அடுத்தது நான்தான் என்கிற மாதிரி நின்றான். அல்லது பெற்றவளின் பயம் அவளுக்கு அப்படிக் காட்டியது.

மறுநாள் அவன் வேலை பார்க்கிற செல்போன் கடையிலிருந்து போன் வந்தது. "அக்கா, தமிழு ரெண்டு வாரமாக் கடைக்கே வரலையே, உடம்பு சரியில்லையா?" தினமும் காலையில் அவள் கட்டிக் கொடுக்கிற சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அவன் எங்கே போய் வருகிறான்? கேட்டாலும் போய்விடுவான், கேட்காவிட்டாலும் போய்விடுவான். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான். அலமாரியின் மேல்தட்டுக்குத் தானாகவே கை போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தர்மராஜ் மார்க்கெட்டிலிருந்து இன்னும் வரவில்லை. தமிழ்மணி காற்றாடிக்கு அடியில் தரையில் படுத்திருந்தான். தூங்கவில்லை.

"தம்பி, ஆபீஸ்ல டெஸ்டுக்கு ஒரு பேட்டி எடுத்து அனுப்பச் சொல்லியிருக்காங்கடா. கொஞ்சம் எந்திரிச்சு உக்காரேன்" என்றாள். மூன்றாவது பொய்.

அவன் அவளையும் பையையும் மாறி மாறிப் பார்த்தான். மாட்டேன் என்பான் என்று நினைத்தாள். எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான்.

டேப்லெட்டைத் திறந்தாள். கேள்வியை அச்சில் உள்ளபடியேதான் வாசிக்க வேண்டும் என்பது பழக்கமாகிவிட்டதால், பெற்ற பிள்ளையை 'நீங்க' என்று கூப்பிட்டாள். "உங்க பதிலை வெச்சு உங்களை யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. நீங்க பையில இருந்து ஒரு பட்டனை எடுத்து, எனக்குக் காட்டாமப் பாருங்க. சிவப்பு வந்தா..." இரண்டு கேள்வியையும் சொல்லி முடித்தாள். முகத்தைச் சமையல்கட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டாள். இல்லை என்று சொல்லிவிடு சாமி. பொய்யாகவாவது இல்லை என்று சொல்லிவிடு.

பைக்குள் பட்டன்கள் உரசுகிற சத்தம் கேட்டது. அப்புறம் காற்றாடிச் சத்தம் மட்டும்தான்.

"ஆமா" என்றான் தமிழ்மணி.

முகத்தில் எதையும் காட்டக் கூடாது. அவள் காட்டவில்லை. டேப்லெட்டில் விரலால் தொட்டாள். எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. "நன்றிங்க. பட்டனைப் பையில போட்டுருங்க" என்றாள்.

அவன் போடவில்லை. கையை மூடியபடியே வைத்திருந்தான்.

"அம்மா, நான் எந்த மாசம் பொறந்தேன்?"

இத்தனை வருஷம் ஊரைக் கேள்வி கேட்டவளை இப்படி ஒரு கேள்வி யாரும் கேட்டதில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். எந்தத் தாய்க்கு மறக்கும்?

"ஐப்பசி" என்றாள். "உறையூருக்குள்ள தண்ணி பூந்த ஐப்பசி. பெத்த உடம்போட உன்னைத் தூக்கிக்கிட்டுப் பக்கத்து வீட்டு மாடியில கெடந்தேன்."

"அப்ப உனக்குத் தெரிஞ்சுபோச்சுல்ல."

அவன் மூடிய கையை அவள் முன்னால் நீட்டி விரித்தான். உள்ளங்கை வேர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது பட்டன். வெள்ளைப் பட்டன்.

அனுசுயாவுக்கு முதலில் விளங்கவே இல்லை. வெள்ளை வந்தால் மாசக் கேள்விதானே? ஐப்பசியில் பிறந்தவன் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாமே. அது பொய்கூட இல்லையே. பட்டனே அவனுக்குத் தப்பிக்க வழிவிட்டிருக்கிறது. சிவப்புக் கேள்வி அவனிடம் வரவே இல்லை. வராத கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறான்.

"அப்பறம் ஏன்டா..."

"நீயாக் கேப்பேன்னு பாத்துக்கிட்டே இருந்தேம்மா. சட்டையைப் பத்திக் கேட்ட, சும்மான்னதும் விட்டுட்ட. கொலுசை நான்தான் எடுத்தேன், அதைக் கேக்கவே இல்ல. ஊர்ல எல்லார்கிட்டயும் கேக்குற, என்கிட்ட மட்டும் கேக்க மாட்டேங்கிற." அவன் உதடு கோணியது. "முடியலைம்மா. விடணும்னு பாக்குறேன், முடியலை. என்கூடப் படிச்சவன் போயிட்டான். எனக்குப் பயமா இருக்கு. எல்லாருக்கும் குடுக்குறியே அந்தச் சீட்டு, எனக்கு ஒண்ணு குடும்மா."

அவள் அவனை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். தொழில், தர்மம், முகம், எல்லாம் போயிற்று. அழுதுகொண்டே அவன் மணிக்கட்டைப் பிடித்து, சட்டைக் கையின் பட்டனைக் கழற்றி, முழங்கைக்கு மேலே மடித்தாள். பார்த்தாள். பார்க்க முடியாததை எல்லாம் பார்த்தாள். அந்தப் புண்களின் மேல் அவள் விரல் பட்டதும் அவன் சின்னப் பிள்ளை மாதிரி முனகினான்.

வாசலில் தர்மராஜின் வண்டிச் சத்தம் கேட்டது. ஸ்டாண்டு போடுகிற சத்தமும் கேட்டது. தமிழ்மணி பதறிப்போய்ச் சட்டைக் கையை இறக்கிவிடப் போனான்.

"வேணாம், எறக்காதே" என்றாள் அனுசுயா. "அப்படியே இரு. நான் பேசிக்கிறேன்."

என்ன பேசப்போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. ஸ்ரீரங்கத்துப் பிள்ளை பையை மாட்டிக்கொண்டு இறங்கிப் போன கோலம் கண்முன்னால் வந்து நின்றது. அந்த வெள்ளைப் பட்டனைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு, புருஷன் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே ஓடிப்போய், நிலைப்படியில் இரண்டு கையையும் விரித்து வழியை மறித்து நின்றாள்.